நீலச் சட்டையும் 28 தாள்களும்

செப்டம்பர் 13, சனி

நீல டாப்பின் கழுத்தோரம் இன்று கிழிந்தேவிட்டது. நான்கு வருடம் உழைத்த சட்டை. வாங்கிய கடையில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். ரங்கூன் புழுக்கத்துக்கு உடம்பில் ஒட்டாமல் காற்றோட்டமாக நிற்கிற சட்டை எனக்கு இது ஒன்றுதான். சரி, நாமே தைத்துவிடலாம். பிள்ளையின் பள்ளிக்கூடத்துப் பச்சை லுங்கி முதல் தலையணை உறை வரை தைத்த கைதான். ஒரு பேட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்கான காகித அச்சு, கிடைத்தால் போதும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இந்தச் சட்டையின் கை வெட்டை எந்தப் பெயரில் தேடுவது என்பதே பெரிய பாடு. முதலில் ராக்லான் என்று தேடினேன். வந்த படங்களில் எல்லாம் அக்குளிலிருந்து கழுத்துக்குச் சரிவாக ஒரு தையல் ஓடுகிறது. என்னுடையதில் அது இல்லை. அடுத்து டால்மன். கை அக்குளில் அகலமாகத் தொடங்கி மணிக்கட்டில் ஒடுங்குகிறது, பார்க்க ஏறக்குறைய இதேதான். இலவசமாக ஒன்று கிடைத்ததும் சட்டென்று இறக்கிக்கொண்டேன். என்ன துணிக்கான பேட்டர்ன் என்று பார்க்கவேயில்லை.

செப்டம்பர் 17, புதன்

அச்சுக் கடையில் பேட்டர்னை அடித்தால் 28 தாள். வீட்டுக்கு வந்து பசைநாடா போட்டு ஒட்டி முடிக்கும்போது மின்சாரம் போய்விட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், முதல் தாளில் இருக்கும் சோதனைச் சதுரத்தை ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், இருந்தது 9.6. கடைப் பையன் தாளுக்குள் அடங்கட்டும் என்று சுருக்கி அடித்துவிட்டான். சின்ன வித்தியாசம்தானே என்று விட முடியாது. மார்புச் சுற்று 100 என்றால் 96 ஆகிவிடும். நாளைக்கு மறுபடி 28 தாள்.

செப்டம்பர் 20, சனி

பழைய படுக்கை விரிப்பை வெட்டி வெள்ளோட்டம் பார்த்தேன். தலை நுழையவில்லை. இழுத்து நுழைத்தால் கையைத் தூக்க முடியவில்லை. அப்புறம்தான் குறிப்பைப் படித்தேன்: பனியன் துணிக்கு மட்டும். அந்தத் துணி இழுத்தால் கொடுக்கும். அதை நம்பி அளவைக் குறுக்கியே வரைந்திருக்கிறார்கள். என்னுடையது நெய்த பருத்தி, ஒரு நூல்கூடக் கொடுக்காது.

செப்டம்பர் 21, ஞாயிறு

அத்தை மதியத் தூக்கம் கலைந்து எழுந்து வந்தார்கள். தரையெல்லாம் காகிதம்.

"என்னம்மா இது, வீட்டுக்கு வரைபடமா?"

சொன்னேன். பேட்டர்னைப் பார்க்கவேயில்லை. நீலச் சட்டையைக் கேட்டு வாங்கி உள்பக்கம் வெளியே திருப்பினார்கள். நான் ஒரு வாரமாக வெளிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

"தோள்ல தையலே இல்ல பாரு. உடம்பும் கையும் ஒரே துணி. அக்குள்ல சதுரமா ஒரு துண்டு வெச்சிருக்கான். பழைய யின்போன் இப்படித்தான் வெட்டுவோம்."

யின்போன் என்பது மார்பின் குறுக்கே வந்து பக்கவாட்டில் பொத்தான் போடுகிற பர்மியச் சட்டை. அத்தை கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பர்மிய சயாமாவிடம் (ஆசிரியையிடம்) தையல் படித்தவர்கள். பேட்டர்ன் கிடையாது. துணியை நாலாக மடித்து, சோப்புத் துண்டால் கோடு போட்டு, ஒரே வெட்டு.

மேல்கையில் இருக்கும் ஒட்டுத் தையல் அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தேன். அத்தை டேப்பை நீட்டினார்கள். நடுமார்பிலிருந்து அந்தத் தையல் வரை இருபத்தொன்றரை அங்குலம். தையலுக்கு அரை சேர்த்தால் 22. இரண்டு பக்கமும் 44. கடையில் வாங்கும் சாதாரணப் பருத்தித் துணியின் அகலமே அதுதான்! துணி அங்கே முடிந்துபோனதால் மீதிக் கையை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மாலையில் படி எடுத்தோம். தரையில் கனத்த ஜமுக்காளம், மேலே பிரவுன் தாள், அதன்மேல் நடுவில் மடித்த சட்டை. தையல் ஓடும் இடமெல்லாம் குண்டூசியால் தாள்வரை குத்தி, எடுத்தபிறகு புள்ளிகளை இணைத்தோம். பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கு நூல், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி போடச் சொன்னார்கள். அளவுகளை அத்தையே எழுதினார்கள், பர்மிய எண்ணில்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தெயின்ஜி சந்தையில் இரண்டரை கஜம் பருத்தி வாங்கி வைத்திருந்தேன். அந்தச் சந்தையைப் பழைய ஆட்கள் இன்னும் சூரத்தி பஜார் என்றுதான் சொல்கிறார்கள். நேற்றே ஊறவைத்துக் காயப்போட்டதில் நீளத்தில் ஒன்றரை அங்குலம் சுருங்கியிருந்தது. அப்படியே வெட்டியிருந்தால் முதல் துவைப்பில் பிள்ளையின் சட்டையாகியிருக்கும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மிதி மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி. அத்தை எண்ணெய் போட்டுத் துடைத்து மூடிவிட்டார்கள். இன்றும் நாளையும் தொடக்கூடாது. இடது அக்குள் துண்டு பாக்கி இருக்கிறது. கை அரிக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

அந்தத் துண்டு என்னைப் படுத்திவிட்டது. நாலு அங்குலச் சதுரம். உடம்புத் துணியில் ஒரு கீறல் போட்டு அதில் பொருத்த வேண்டும். கீறலின் நுனியில் தையலுக்கு இடமே இருக்காது. வலதில் அந்த நுனி பிசிறு விட்டுப் பிய்ந்தது. இடதில் முதலிலேயே நகத்தளவு துணியை அடியில் வைத்துப் பொடித் தையல் அடித்தேன், பிடித்துக்கொண்டது. வலதைப் பிரித்து அதேபோல் போட்டேன். ஒரு மூலையில் சின்னச் சுருக்கம் இருக்கிறது. கையைத் தூக்கினால்தான் தெரியும்.

"தூக்கு கைய," என்றார்கள் அத்தை. தூக்கினேன். இடுப்பில் சட்டை ஏறவில்லை.

சுருக்கத்தைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. பிரவுன் தாளைச் சுருட்டி நூல் கட்டி அலமாரிமேல் வைத்துவிட்டு, மிச்சத் துணி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்கள்.