சந்திப் படமும் கூரைமேல் பனலும்

பௌதிகவியல் கொப்பியில் நாம் எல்லோரும் வரைந்த படம்தான். ஒரு பக்கம் போரன் கலந்த பி (p) வகைச் சிலிக்கன், மறுபக்கம் பொசுபரசு கலந்த என் (n) வகை, இரண்டும் சேரும் சந்தியில் என்னிலிருந்து பி நோக்கி மின்புலம். அம்புக்குறியைத் திருப்பிப் போட்டால் ஆசிரியர் புள்ளி தரமாட்டார். இன்று நம்மில் பலரின் கூரையில் வேலை செய்வது அந்தப் படம்தான். சூரிய ஒளியை மின்னாக்கும் அந்தப் பனலில் வரும் கோளாறுகள் அநேகமாக எல்லாவற்றுக்கும் காரணம் அதற்குள்ளேயே இருப்பதால் மலருக்கு இதை எழுதுகிறேன்.

சிலிக்கனில் பிணைப்பில் கிடக்கும் ஓர் இலத்திரனை விடுவிக்க ஏறத்தாழ 1.1 இலத்திரன்வோல்ற் சக்தி வேண்டும். 1,100 நானோமீற்றருக்கு மேற்பட்ட செங்கீழ்க் கதிர்களுக்கு அந்த வலு இல்லை. நீல ஒளியின் ஒரு போட்டோனிடம் (ஒளித்துணிக்கையிடம்) 2.7 அளவு இருக்கும். ஆனாலும் அது விடுவிப்பது ஓர் இலத்திரனைத்தான், மிச்சம் வெப்பமாகிவிடும். இப்படி ஒரே சந்தி கொண்ட கலம், அதாவது பனலின் ஓர் அலகு, ஒளியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மின்னாக்க முடியாது என்று பௌதிகவியலாளர்கள் ஷொக்லியும் குவைசரும் 1961இல் கணக்கிட்டது இதனால்தான். 1954இல் பெல் ஆய்வுகூடத்துக் கலம் 6 சதவீதம் தந்தது. இன்றைய நல்ல பனல்கள் 20 முதல் 23 சதவீதம் வரை தருகின்றன.

விடுபட்ட இலத்திரன், இலத்திரன் போனதால் வெறுமையான ஒரு துளையில் மறுபடி விழுமுன் சந்தியை எட்டிவிட வேண்டும். எட்டினால் மின்புலம் அதை என் பக்கமும் துளையைப் பி பக்கமும் தள்ளிப் பிரித்துவிடும். விழும் ஒளி பாதியானால் மின்னோட்டமும் பாதியாகும். வோல்ற்றளவு அப்படிக் குறையாது. 36 கலங்கள் கொண்ட பனல், கம்பியைக் கழற்றி அளந்தால், நல்ல வெயிலில் 21, 22 வோல்ற் காட்டும். மப்பும் மந்தாரமுமான நாளிலும் அதற்குச் சற்றுக் கீழேதான் காட்டும். ஆகவே வோல்ற்றை மட்டும் பார்த்துப் பனல் நல்லது என்று முடிவுகட்டாதீர்கள். குறுஞ்சுற்று ஓட்டத்தையும், அதாவது இரு முனைகளையும் மீற்றர் வழியே நேரே இணைத்தால் பாயும் ஓட்டத்தையும், அளக்க வேண்டும். தனிப் பனலாகக் கழற்றி, துணியால் மூடி, முனைகளை இணைத்தபின் துணியை எடுங்கள். முடிந்ததும் மூடிவிட்டே கழற்றுங்கள். ஓட்டம் பாயும்போது இழுத்தால் பொறி பறக்கும், நேரோட்டப் பொறி இலேசில் அணையாது. புதிய பெரிய பனல்கள் 13 அம்பியருக்கு மேலும் தருவதால், 10 அம்பியர் பல்மானியின் (மல்ரிமீற்றரின்) உருகி போய்விடும். கம்பியைச் சுற்றிக் கவ்வி நேரோட்டம் அளக்கும் கிளாம்ப் மீற்றரே நல்லது.

வெப்பம் வோல்ற்றைத் தின்னும். கலம் சூடேறச் சூடேற இலத்திரனும் துளையும் மீள்சேர்வது கூடுகிறது. ஒரு பாகை செல்சியசுக்கு வலுவில் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும். பனலில் அச்சடித்த வாற்று 25 பாகைக்குரியது. உச்சிவெயிலில் கலம் 65 பாகைக்கு ஏறினால் 400 வாற்றுப் பனல் 345 வாற்று அளவில்தான் நிற்கும். பழுதென்று பதற வேண்டாம். பனலைக் கூரையோடு ஒட்டிப் பூட்டாமல் கீழே காற்றோட விட்டால் கொஞ்சம் மீளும்.

நிழல்தான் பெரிய எதிரி. கலங்கள் தொடராக இருப்பதால், ஒற்றையடிப் பாதையில் முன்னே போகிறவர் தளர்ந்தால் பின்னே வருபவர் எல்லோரும் தளர்வதுபோல், நிழல் விழுந்த ஒரு கலமே முழுத்தொடரின் ஓட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும். மற்றக் கலங்கள் அதைப் பின்முகக் கோடலுக்கு, அதாவது வோல்ற்றளவு தலைகீழாகும் நிலைக்கு, தள்ள, அது மின்னைத் தருவதற்குப் பதில் விழுங்கிச் சூடாகும். நாள்பட்டால் அந்த இடம் பழுப்பேறும், கண்ணாடிகூட வெடிக்கலாம். இதைத் தடுக்கவே பின்னாலுள்ள பெட்டியில் வழக்கமாக மூன்று இருவாயிகள் (ஓட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட்டுகள்) இருக்கின்றன. ஒவ்வொன்றும் மூன்றிலொரு பங்கு கலங்களைச் சுற்றி ஓட்டத்துக்கு மாற்றுவழி விடும். நிழலே இல்லாத வெயிலில் வோல்ற் சரியாக மூன்றிலொரு பங்கு குறைந்தால், ஓர் இருவாயி குறுஞ்சுற்றாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். அது அறுந்துபோயிருந்தால் மீற்றரில் ஒன்றும் தெரியாது. அடுத்த நிழல் விழும்போது கலம்தான் கருகும்.