அது நல்லதுக்குத்தான்மா

"அது நல்லதுக்குத்தான்மா" என்று சொல்லிவிட்டு, காற்றழுத்தம் அளக்கும் மானோமீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்த அம்மாவின் முகம் மறந்துவிட்டது. கதவில் ஊன்றியிருந்த இரண்டு உள்ளங்கைகள்தான் நினைவில் நிற்கின்றன.

படிக்கட்டு பிரஷரைசேஷன் டெஸ்ட். தீ பிடித்தால் புகை நுழையாதபடி படிக்கட்டுக்குள் ஃபேனால் காற்றை அழுத்தி வைக்கிற ஏற்பாடு அது. மொட்டைமாடி ஃபேன் ஒரே இடத்திலிருந்து காற்றை இறக்கும் அமைப்பு. அதனால் தரைத்தளத்தில் கட்டட விதி கேட்கிற 50 பாஸ்கல் அழுத்தம் இருந்தாலும், மேலே ஏற ஏற அளவு கூடி 17வது மாடியில் 84 காட்டியது. அதை நான் குறையாகவே நினைக்கவில்லை. அழுத்தம் குறைந்தால்தானே புகை படிக்கட்டுக்குள் வரும்?

வராந்தாவிலிருந்து அந்த அம்மா படிக்கட்டுக் கதவைத் தள்ளிப் பார்த்தார். தோளையும் கொடுத்தார். "தம்பி, அசையவே மாட்டேங்குதே." அதற்குத்தான் அந்தப் பதில்.

சொன்னது பொய்யும் இல்லை. 1980ல் லாஸ் வேகஸ் எம்ஜிஎம் கிராண்ட் ஓட்டலில் எரிந்தது கீழே, சூதாட்டக் கூடம். இறந்த 85 பேரில் பெரும்பாலோர் மேல்மாடிகளில், தீ பக்கத்திலேயே வராமல், புகையில் போனவர்கள். படிக்கட்டும் லிஃப்ட் குழியும் புகைபோக்கியாகிவிட்டன. டிரெயினிங்கில் நான் முதலில் சொல்வதே இதைத்தான். அடுத்ததாக, 2010ல் 9 பேர் இறந்த பெங்களூர் கார்ல்டன் டவர்ஸ். புகை தாங்காமல் சிலர் ஜன்னல் வழியே குதித்தார்கள். அவசர வழிகள் பூட்டிக் கிடந்ததாக அப்போது செய்தி வந்தது.

பூட்டிய கதவுக்கும் தள்ள முடியாத கதவுக்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கேள்வி அன்று ராத்திரிதான் வந்தது. எழுந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2 சதுர மீட்டர் கதவில் 84 பாஸ்கல் என்றால் 168 நியூட்டன் விசை. ஒரு பக்கம் கீல் இருப்பதால் கைப்பிடியில் பாதி. கதவைத் தானாகச் சாத்துகிற டோர் குளோசரையும் சேர்த்தால் 120, 130 வந்துவிடும். ஐரோப்பியத் தரம் 100க்கு மேல் கூடாது என்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று கிலோவை அந்தக் கை இருமிக்கொண்டே தள்ள வேண்டும்.

அடுத்த வாரமே போய் மிஞ்சிய காற்றை வெளியே விடுகிற ரிலீஃப் டேம்பரைத் திறந்துவிட்டேன். (யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.) மேலே 55க்கு இறங்கியது. தரைத்தளம் 30ஐத் தாண்டவில்லை. மூன்று மாடிக் கதவுகளை ஒரே நேரத்தில் திறக்கச் சொன்னேன். ரீடிங் படுத்துவிட்டது. நிஜத் தீயில் மூன்று கதவு மட்டுமா திறக்கும்?

"சார், ரிப்போர்ட்ல எந்த மாடி ரீடிங்கைப் போடட்டும்?" என்றான் கூட வந்த பையன். "பதினேழு" என்றேன். படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது. இரண்டு கட்டம் இருந்திருந்தால் இரண்டையும் எழுதியிருப்பேனா? எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அழுத்தத்தைப் பார்த்து ஃபேன் வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற சென்சாரும் டிரைவும் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கொட்டேஷன் கொடுத்தேன். அசோசியேஷனில் பெயின்டிங் முடியட்டும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் மறுபடி போனபோது 17வது மாடிக் கதவு திறந்தே இருந்தது. அடியில் ஒரு செங்கல். ஒரு கதவு இப்படிக் கிடந்தால் மொத்தப் படிக்கட்டுக்கும் ஃபேன் ஓடுவது வீண். வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கத்தியிருக்க வேண்டும். வேறு இடமென்றால் கத்தியிருப்பேன். யார் வைத்தது என்றுகூடக் கேட்கவில்லை. அந்த அம்மா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, வாசலில் கோலம்.

செங்கல்லைக் கையோடு கீழே கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம். காலால் சுவரோரம் தள்ளிவிட்டு வந்தேன்.