ஓசோன் டேட்டாவ மாடலோட ஒப்பிடப் போறீங்களா, இத படிச்சிட்டுப் போங்க

எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு எனக்கு வந்த டாபிக், நைரோபி மேல பலூன் விட்டு அளந்த ஓசோனையும் க்ளைமேட் மாடல் சொல்ற ஓசோனையும் பக்கத்துல வச்சு பாக்கறது. நாசாவோட ஷாடோஸ் நெட்வொர்க்ல 1998ல இருந்து வெப்பமண்டல ஸ்டேஷன்களோட பலூன் டேட்டா கெடைக்குது, இறக்கறது ஈஸி, அதுக்கப்புறம்தான் நான் மூணு மாசத்த தொலைச்சேன், நீங்க தொலைக்காதீங்க.

நான் என்ன பண்ணேன்னா மாடலோட 2005 மார்ச்ச நெஜ 2005 மார்ச்சோட வச்சு மாசா மாசம் கோரிலேஷன் போட்டேன், ஒண்ணுமே ஒட்டல, மாடலே தப்புன்னு எழுதியும் வச்சிட்டேன். தானா ஓடுற மாடல் அதோட சொந்த வானிலைய உருவாக்கிக்கும், பூமத்திய ரேகை மேல ஏறத்தாழ 28 மாசத்துக்கு ஒருதரம் மாறி மாறி வர்ற ஸ்ட்ராடோஸ்பியர் காத்து ஓசோன ஏத்தி இறக்குது இல்லையா, அது மாடல்ல வேற வருஷத்துல வரும், அதனால பல வருஷ சராசரி, ஏற்ற இறக்கத்தோட அளவு, நீண்டகால போக்கு, இதத்தான் ஒப்பிடணும். மாசக் கணக்குதான் வேணும்னா அந்தந்த நாளோட நெஜ காத்து டேட்டாவ மாடலுக்கு ஊட்டி ஓட்டின ரன்ன எடுங்க.

இன்னொண்ணு, இத எனக்கு யாருமே சொல்லல: சிஎம்ஐபி6ல (பல நாட்டு க்ளைமேட் மாடல்கள ஒரே மாதிரி ஓட்டி ஒப்பிடற திட்டம்) நெறைய மாடல் ஓசோன கணக்கு போடறதே இல்ல, வெளியிலருந்து ரெடியா குடுத்தத வாங்கி வச்சிக்கும். அத எடுத்து ஒப்பிட்டா நீங்க மாடல சோதிக்கல, அதுக்கு குடுத்த இன்புட்டத்தான் சோதிக்கிறீங்க. கெமிஸ்ட்ரி உள்ளயே ஓடுதான்னு மொத நாளே பாத்துடுங்க.

யூனிட்டும் கவனிங்க, பலூன் ஃபைல்ல ஓசோனோட பகுதி அழுத்தம் மில்லிபாஸ்கல்ல இருக்கும், அத ஹெக்டோபாஸ்கல்ல இருக்கற காத்தழுத்தத்தால வகுத்து பத்தால பெருக்கினாத்தான் பிபிஎம். அப்புறம் நைரோபி சுமார் 1800 மீட்டர் உயரத்துல இருக்கு, மாடல் பூமிய பிரிச்சு வச்சிருக்கற கட்டம் பெருசு, அதுல தரை வேற உயரத்துல இருக்கலாம், அந்த வித்தியாசத்துக்கு உண்டான ஓசோன் மொத்தக் கணக்குல சேந்தோ கொறஞ்சோ போயிடும். பலூனும் 30 கிலோமீட்டர தாண்டினதும் வெடிச்சிடும், மேல இருக்கற ஓசோன அது பாக்கவே பாக்காது. அதனால ரெண்டுலயும் ஒரே அழுத்தத்துல ஆரம்பிச்சு ஒரே அழுத்தத்துல, 20 ஹெக்டோபாஸ்கல் மாதிரி, நிறுத்தி கூட்டுங்க.

வைவால கண்டிப்பா கேப்பாங்க, அளவீட்டோட பிழை எவ்ளோன்னு. சோண்டுக்கே, அதாவது பலூன்ல கட்டி விடற ஓசோன் கருவிக்கே, சுமார் 5 சதவீதம் இருக்கும், ட்ரோபோஸ்பியர்ல இன்னும் கூட. உங்க வித்தியாசம் அதுக்குள்ள இருந்தா மாடல் மேல பழி போடாதீங்க.