தவறான பக்கத்தில் நின்ற விளக்குக் கம்பம்

2023 கோடையில் கைமாறிய நிசான் லீஃப் மின்கார் ஒன்று வாங்கினேன். 40 கிலோவாட் மணி பேட்டரி. மனைவியின் அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார்ஜ் எங்க மாப்ள போடுவீங்க?" "கவுன்சில் தெருவுல போட்டுத் தருவாங்க" என்றேன். கவுன்சில் என்றால் இங்கே லண்டனில் எங்கள் பகுதி நகராட்சி. அடுத்த இரண்டு வருஷம் எந்த விசேஷத்தில் பார்த்தாலும் "கவுன்சில் போட்டுச்சா?" என்றுதான் பேச்சைத் தொடங்கினார்.

எங்கள் வீடு லண்டனின் வெளிப்பகுதியில், நூறு வருஷம் தாண்டிய வரிசை வீடுகளில் ஒன்று. கதவைத் திறந்தால் நாலடி முன்தோட்டம், இடுப்பளவு மதில், நடைபாதை, அப்புறம் ரோடு. காரை உள்ளே ஏற்ற வழியில்லை. வீட்டு வளாகத்துக்குள் நிறுத்த முடிந்தவர்கள் சுவரில் ஒரு பெட்டியை மாட்டி, இரவுக் கட்டணத்தில் யூனிட்டுக்கு ஏழெட்டு பென்ஸுக்கு (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு) ஏற்றிக்கொண்டார்கள். தெருவில் நிறுத்துகிற நான் பொதுச் சார்ஜரில் ஐம்பது பென்ஸை ஒட்டிக் கொடுத்தேன். இதில் வரி வேறு. அப்போது வீட்டு மின்சாரத்துக்கு வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம், பொதுச் சார்ஜருக்கு 20. அதே கரண்ட், அதே கார். பெரிய வீடு வாங்க முடியாதவனுக்குப் போட்ட அபராதம் என்றுதான் எனக்குத் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

முதலில் குறுக்குவழியைத்தான் பிடித்தேன். ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, நடைபாதையில் ரப்பர் மூடி போட்டு, ராத்திரி ராத்திரி சார்ஜ் ஏற்றினேன். மூன்றாவது வாரம் கவுன்சிலிடமிருந்து கடிதம் வந்தது. நெடுஞ்சாலைகள் சட்டம் 1980, பிரிவு 178, அனுமதி இல்லாமல் பொதுவழிக்குக் குறுக்கே ஒயர் போடக் கூடாது. கோபம் வந்தது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய நாள், எதிர்வீட்டுப் பாட்டி அந்த ரப்பர் மேட்டுக்கு முன்னால் நின்று, கைத்தடியை முதலில் தூக்கி வைத்து, பிறகு காலை எடுத்து வைத்ததை மாடியிலிருந்து பார்த்திருந்தேன். கடிதத்தோடு வாதாட வாய் வரவில்லை. சுருட்டி வைத்துவிட்டேன்.

அடுத்து, கவுன்சில் தளத்தில் ஒரு படிவம். வரைபடத்தில் நம் தெருவில் ஒரு புள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான். வைத்தேன். 'உங்கள் கோரிக்கை பதிவானது.' எட்டு மாதம் வேறு சத்தமே இல்லை.

2019 வாக்கில் இங்கிலாந்தில் ஏராளமான கவுன்சில்கள் காலநிலை அவசரநிலை அறிவித்தன. எங்களுடையதும் அறிவித்தது. அதையொட்டிய செயல்திட்டத்தை ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பசுமை, பங்களிப்பு, தொலைநோக்கு என்று நிறைய ஓடியபிறகு நடுவில் உருப்படியான ஒரு பகுதி இருந்தது: விளக்குக் கம்பச் சார்ஜர். கம்பத்தில் ஏற்கெனவே மின்சாரம் இருக்கிறது. பழைய விளக்குகளை எல்ஈடியாக மாற்றியதில் லோடும் குறைந்துவிட்டது. அதிலேயே 5 கிலோவாட் அளவுக்கு ஒரு பிளக் வைத்துவிடலாம். ரோட்டைத் தோண்ட வேண்டாம், யாருடைய பார்க்கிங்கையும் பறிக்க வேண்டாம். என் லீஃப் ராத்திரி போட்டால் காலையில் நிறைந்துவிடும்.

அப்படியென்றால் எங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை? மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் ஒற்றை வரி: உங்கள் தெருவில் கம்பங்கள் நடைபாதையின் பின்பக்கம் உள்ளன.

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தேன். ஒன்பது வருஷம் குடியிருந்தும் கவனிக்காத விஷயம். எல்லாக் கம்பங்களும் வீட்டு மதிலை ஒட்டி நிற்கின்றன. இரண்டு தெரு தள்ளி, ரோட்டோரமாக நிற்கின்றன. எங்கள் கம்பத்தில் பிளக் வைத்தால் ஒயர் நடைபாதையைத் தாண்டித்தான் காருக்கு வரவேண்டும். எனக்குக் கடிதம் வந்த அதே குற்றம்!

அடுத்த வழி, ரோட்டோரம் தனிச் சார்ஜரும் மின்கார்களுக்கு மட்டுமான இரண்டு இடங்களும். இதற்குப் போக்குவரத்து உத்தரவு வேண்டும், அறிவிப்புக் கட்டி 21 நாள் ஆட்சேபணை கேட்க வேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் கம்பத்தில் தொங்கியது. ஆட்சேபணைகள் குவிந்தன. மூன்று பேரிடம் நேரில் பேசினேன். அவர்கள் மின்காரை எதிர்க்கவில்லை. ஒருவருக்குத் தினமும் இரண்டு வேளை வீட்டுக்கு வரும் பராமரிப்பாளர் வண்டி நிறுத்த இடம் வேண்டும். அவர் சொன்னது நியாயம்தான். கடைசியில் யார் வாசலும் இல்லாத தெருமுனைக்கு அந்த இரண்டு இடங்களும் போயின. எண்பது கார் நிற்கும் தெருவுக்கு இரண்டு.

அப்புறம்தான் வார்டு கவுன்சிலரைப் பார்க்கப் போனேன். சனிக்கிழமை காலை, நூலகத்தில் ஒரு மேஜை. எனக்கு முன்னால் மூன்று பேர், சுவர் ஈரமும் குப்பைத்தொட்டியும் பற்றிப் பேச. புவி வெப்பமாதல் பற்றிப் பேசத் தயாராகப் போயிருந்தேன். அவர் கேட்டது: "உங்கள் நடைபாதை எவ்வளவு அகலம்?" தெரியவில்லை. "கழிவுநீர் மூடி, மர வேர் ஏதாவது குறுக்கே இருக்கிறதா?" தெரியவில்லை. அடுத்த மாதம் டேப் வைத்து அளந்து, போட்டோ எடுத்து, ஒரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். ஒரு மீட்டர் தொண்ணூறு, மூடி இல்லை, வேர் இல்லை. இரண்டு வாரத்தில் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தார். நடைபாதையில் சிறு வாய்க்கால் வெட்டி, சார்ஜ் போடும்போது அதற்குள் ஒயரைப் பதிக்கும் முறையைக் கவுன்சில் சோதித்துப் பார்க்கும் சமயம் அது. எங்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். உரிம நிபந்தனைகளில் ஒன்றைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: வாய்க்கால் உங்களுடையதானாலும் அதற்கு முன்னால் இருக்கும் பார்க்கிங் இடம் உங்களுடையது அல்ல. வீட்டுச் சார்ஜருக்கு அரசு மானியம் 350 பவுண்டு வரை கிடைத்தது.

முடிந்தது என்று நினைத்தபோது எலக்ட்ரீஷியன் மீட்டர் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் கேபிளிலிருந்தே பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிளை போகிறது. பழைய வரிசை வீடுகளில் இது சகஜமாம். இரண்டு வீட்டுச் சுமையோடு கார் சார்ஜரையும் அந்தக் கேபிள் தாங்காது. மின் விநியோக நிறுவனம் இலவசமாகப் பிரித்துக் கொடுக்கும், ஆனால் பக்கத்து வீட்டு முன்தோட்டத்தைத் தோண்ட வேண்டும். பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா. கேட்டேன். "தோண்டட்டும் தம்பி. என்ர ரோசாவில மட்டும் கை வைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றார். தேதி கிடைக்க நாலு மாதம் ஆனது. ரோஜா தப்பித்தது.

2025இல் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்து, காதைப் பிளக்கும் சத்தத்தோடு கல்லை வெட்டி, கட்டைவிரல் அகலத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். லீஃபுக்குச் சார்ஜ் வாய் மூக்கில் இருப்பதால் மூக்கு அந்தக் கோட்டுக்கு நேராக வரும்படி நிறுத்த வேண்டும். பாதி நாள் அங்கே யாருடைய வேனாவது நிற்கும். அப்போது தெருமுனைக்குப் போய் ஐம்பது பென்ஸ் கொடுப்பேன்.

இலையுதிர் காலத்தில் கோடு முழுக்கச் சருகு அடைத்துக்கொண்டது. தமிழ்க் கடையில் வாங்கிய ஈர்க்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவிக் குடைந்துகொண்டிருந்தேன். அக்கா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். மகனும் கரண்ட் கார் எடுக்கப் போகிறானாம், கவுன்சிலுக்கு என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். உள்ளே போய் டேப்பை எடுத்துவந்து கொடுத்தேன்.