வயதுதான் காரணம் என்றேன்

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் பரிசோதனை செய்யும், பெண்களுக்கான சுவநாரி கிளினிக்குக்கு ஓர் அக்காவை வரும்படி சொல்ல, மருத்துவிச்சியான நான் அந்த வீட்டுப் படியேறியது மூன்றாவது தடவை. முகத்துவாரத்துத் தோட்ட வீடுகளில் இரகசியம் பேச இடம் கிடையாது. இரண்டடி தள்ளி மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "இந்த நோய் என்னத்தால வருது மிஸ்?" என்று அந்த அக்கா கேட்டதும் கீரை ஆய்ந்த கை நின்றதைக் கண்டேன். "வயசுதான் அக்கா. 35 ஆனா எல்லாரும் ஒருக்கா பப் பரிசோதனை செய்யவேணும்" என்று சொல்லிவிட்டேன்.

அதை முழுப் பொய் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் மனமில்லை. எச்.பி.வி. வைரஸ் தொற்றி, நீங்காமல் தங்கி, கருப்பைக் கழுத்தின் கலங்களை மாற்றிப் புற்றுநோயாக்குவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் செல்லும் என்பதால்தான் அந்த வயதில் அழைக்கிறோம். ஆனால் அந்த வைரஸ் பாலுறவால் பரவுவது என்பதையும், கணவனைத் தவிர வேறெவரையும் அறியாத பெண்ணுக்கும் அது வரலாம் என்பதையும், புகைத்தலும் அதிகப் பிரசவங்களும் நோயெதிர்ப்புக் குறைவும் ஆபத்தைக் கூட்டும் என்பதையும் நான் விழுங்கிவிட்டேன். முன்பு இன்னொரு வீட்டில் இவற்றையெல்லாம் ஒழுங்காக விளக்கியபோது, "நான் அப்படிப்பட்ட ஆளில்லை மிஸ்" என்ற பதிலோடு கதவு சாத்தப்பட்டது. இந்த அக்காவோ வந்தார். கருப்பைக் கழுத்திலிருந்து எடுத்த கலங்களைப் பூசும் கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் அவருடைய இலக்கத்தைப் பென்சிலால் எழுதியதும் நான்தான். முடிவில் குறையொன்றும் இருக்கவில்லை.

அன்று கிளினிக்கில் திரைக்குப் பின்னால் மாமியார் இல்லை. அங்கேயாவது சொல்லியிருக்கலாம். வெளியே வரிசை நீண்டிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மைதான், ஆனால் இரண்டு நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.

மறு வருடம் அவருடைய மகள் தரம் 6க்கு வந்தாள். 2017 முதல் அந்த வகுப்பு மாணவிகளுக்குப் போடப்படும் தடுப்பூசிக்கான கடிதத்தோடு அவர் என்னைத் தேடி வந்தார். "புருசன் பெண்சாதி உறவால பரவுற கிருமி எண்டு ரீச்சர் சொன்னா. எனக்கு வயசுதான் காரணம் எண்டீங்களே மிஸ்? இந்தப் பிள்ளைக்குப் பத்து வயசு."

தொற்று வருமுன்னே போட்டால்தான் ஊசி பலிக்கும் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார், கையொப்பமும் இட்டார். ஆனால் அதை என் பேச்சை நம்பி இட்டாரா, ரீச்சரை நம்பி இட்டாரா என்பது எனக்குத் தெரியாது. அவருக்கு 45 வயதாகும்போது மறுபடி அழைக்க வேண்டும். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் கிளினிக்குக்கே வந்திருக்கமாட்டார் என்று ஒரு நாள் தோன்றுகிறது. அவரைச் சரியாக எடைபோடத் தெரியாதவள் நான்தான் என்று மறுநாள் தோன்றுகிறது.

சென்ற வாரம் வேறொரு வீட்டில் அதே கேள்வி வந்தது. மாமியார் தேநீர் ஊற்ற எழுந்து போகும்வரை பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு சொல்லத் தொடங்கினேன். பாதி சொல்லுமுன் தேநீர் வந்துவிட்டது.