கூலிங் டவர் கணக்கில் நான் விட்ட மதிப்பெண்ணும் பிறகு பிடித்த வழியும்

எனர்ஜி ஆடிட்டர் (ஆற்றல் தணிக்கையாளர்) தேர்வின் மூன்றாம் தாளுக்குப் படிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் முறை எழுதியபோது கூலிங் டவர் (ஆலையின் சூடான தண்ணீரைக் காற்றில் குளிர வைக்கும் கோபுரம்) கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு வந்தேன். சூத்திரம் மனப்பாடமாகத்தான் இருந்தது. போதாக்குறைக்கு, வடசென்னை மணலியில் ஒரு ஆலையில் தினமும் டவர் பக்கத்திலேயேதான் எனக்கு வேலை.

கணக்கு இந்த மாதிரிதான் (எண்களை எளிதாக்கியிருக்கிறேன்): சுற்றும் தண்ணீர் மணிக்கு 1000 கன மீட்டர். டவருக்கு வரும் சூடான தண்ணீர் 40 டிகிரி, குளிர்ந்து இறங்குவது 32, வெட் பல்ப் (ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காற்றில் காட்டும் அளவு) 28. மேக்கப், அதாவது குறையும் தண்ணீருக்கு ஈடாகப் புதிதாக விட வேண்டியது, எவ்வளவு? நான் 40-இலிருந்து 28-ஐக் கழித்தேன். கழிக்க வேண்டியது 32-ஐ. அந்த 8 டிகிரிதான் ரேஞ்ச். 32-க்கும் 28-க்கும் உள்ள 4 அப்ரோச். டவர் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்க அது உதவும், தண்ணீர்க் கணக்கில் அதற்கு இடமில்லை.

தண்ணீர்க் கணக்கை எனக்குத் தெளிய வைத்தவர் நைட் ஷிப்டில் கூட இருந்த திருவொற்றியூர் அண்ணன். "தண்ணி விட்டுக்கினே இருக்கோமே, அது எங்கப்பா போவுது?" என்று கேட்டு டவர் அடியில் நிற்க வைத்தார். என் மூக்குக் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி. அது டிரிஃப்ட், உப்போடு பறக்கும் துளி. மேலே ஆவியாகப் போவதில் உப்பு இல்லை. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. தங்கிய உப்பு ஏறிக்கொண்டே போகாமல் இருக்கத்தான் ப்ளோடவுன் திறக்கிறோம், அதாவது தொட்டித் தண்ணீரில் கொஞ்சத்தை வெளியே விடுகிறோம். மூன்று வழி, அவ்வளவுதான்.

ஆவிக்குச் சூத்திரம் 0.00085 × 1.8 × சுற்றும் தண்ணீர் × ரேஞ்ச். ஆக 0.00085 × 1.8 × 1000 × 8 = மணிக்கு 12.24 கன மீட்டர். இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. 10 லட்சம் கிலோ கலோரி வெப்பத்தை முழுக்க ஆவியாலேயே வெளியேற்ற ஏறக்குறைய 1.8 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். இங்கே 1000 கன மீட்டர் தண்ணீர் 40-இலிருந்து 32-க்கு இறங்குவதால் வெப்பம் மணிக்கு 80 லட்சம் கிலோ கலோரி, ஆக 14.4. கொஞ்சம் வெப்பத்தைக் காற்று நேரடியாகவே வாங்கிக்கொள்வதால் 12.24 பொருந்துகிறது. நான் தேர்வில் போட்ட விடை 18.36! இந்த ஒரு வரியைப் போட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே பிழை தெரிந்திருக்கும். தயவுசெய்து இதை விடாதீர்கள்.

ப்ளோடவுன் கண்டுபிடிக்கப் பலர் ஆவியை சிஓசி-யால் (சுற்றும் தண்ணீரில் உப்பு, மேக்கப் தண்ணீரில் இருப்பதைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) வகுத்துவிடுகிறார்கள். வகுக்க வேண்டியது சிஓசி-யில் ஒன்று குறைத்து. ஏனென்றால் உள்ளே வரும் உப்பும் வெளியே போகும் உப்பும் சமம். சிஓசி 5 என்றால் ப்ளோடவுன் தண்ணீர் ஐந்து மடங்கு உப்பு. ஆகவே மேக்கப்பில் ஐந்தில் ஒரு பங்கு வெளியே போனால் போதும், மீதி நான்கு பங்கு ஆவி. 12.24-ஐ 4-ஆல் வகுத்தால் 3.06. டிரிஃப்ட், சுற்றும் தண்ணீரில் 0.02 சதவீதம் என்று கொடுத்திருந்தால் 0.2. மூன்றும் சேர்ந்து மணிக்கு 15.5 கன மீட்டர், அதுதான் மேக்கப். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தால் 24-ஆல் பெருக்க மறக்க வேண்டாம், 372.

சிஓசி-யைத் தீர்மானிப்பது உள்ளே வரும் தண்ணீர். சுற்றும் தண்ணீரில் உப்பை 2000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை விடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேக்கப் 400 பிபிஎம் என்றால் சிஓசி 5. உப்பேறிய போர் தண்ணீர் 1000 பிபிஎம் என்றால் 2-தான், ப்ளோடவுன் 3.06-இலிருந்து 12.24 ஆகிவிடும். நாளொன்றுக்கு 2 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர் கூடுதல், 12,000 லிட்டர் லாரியில் பதினெட்டு நடை. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியதையும், கொடுங்கையூரில் கழிவுநீரை ஆர்ஓ வரை சுத்திகரித்து மணலி ஆலைகளுக்கு அனுப்புவதையும் பார்க்கிற நமக்கு இது வெறும் தேர்வுக் கணக்கு இல்லை.

டவர் இருக்கும் இடத்தில் வேலை என்றால், மேக்கப் மீட்டரை ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை படித்து, வித்தியாசத்தை உங்கள் விடையோடு ஒப்பிடுங்கள். நாங்கள் பார்த்தபோது மீட்டர் நிறையவே கூடுதலாகக் காட்டியது. தொட்டி நிறைந்ததும் தானாக மூட வேண்டிய ஃப்ளோட் வால்வு சரியாக மூடாமல், ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக ராத்திரி முழுக்க நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.