சிசிஆர்என் பரீட்சை: கொழிஞ்சாம்பாறைல உக்காந்து படிச்ச கதை

சிசிஆர்என்ங்கறது ஐசியூ நர்ஸுங்களுக்கான அமெரிக்க சான்றிதழ் பரீட்சை. அதை எழுதணும்னா அமெரிக்காவுல வேலை பார்த்திருக்கணும்னு நம்ம பக்கத்து நர்ஸுங்க நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. அப்படி இல்லீங்க. ரெண்டு விஷயம் வேணும். அமெரிக்காவுல ஏதாவது ஒரு ஸ்டேட்டோட ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ் நடப்புல இருக்கணும், அதாவது என்கிளெக்ஸ்ங்கற லைசென்ஸ் பரீட்சையை பாஸ் பண்ணி லைசென்ஸ் கைக்கு வந்திருக்கணும், அப்புறம் ஐசியூல பேஷண்ட்டை நேரா பார்த்த மணி நேரக் கணக்கு காட்டணும். அந்தக் கணக்கு ரெண்டு விதம். கடைசி 2 வருஷத்துல 1,750 மணி நேரம், அதுல 875 கடைசி ஒரு வருஷத்துக்குள்ள வரணும். இல்லைன்னா 5 வருஷத்துல 2,000, அதுல 144 கடைசி வருஷத்துல. வெளிநாட்டு ஆஸ்பத்திரி டூட்டியும் எடுத்துக்குவாங்க, ஆனா அந்த ஆஸ்பத்திரிக்கு ஜேசிஐங்கற சர்வதேசத் தர அங்கீகாரமோ, மேக்னெட்ங்கற நர்சிங் தர அங்கீகாரமோ இருக்கணும். நான் கத்தார்ல பார்த்தது ஜேசிஐ ஆஸ்பத்திரி, வாரத்துக்கு 48 மணி நேரம், அதனால மணி நேரத்துக்குப் பஞ்சமே இல்ல.

பையனை இங்க ஸ்கூல்ல சேர்க்கணும்னு வேலையை விட்டுட்டு பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைக்கு வந்தாச்சு, அமெரிக்க வீசா க்யூவோ இந்தியாவுல பிறந்தவங்களுக்கு வருஷக் கணக்குல நகராம கிடக்குது, சும்மா இருந்தா கடைசி 2 வருஷக் கணக்கு தேய ஆரம்பிச்சுடும், சரி இப்பவே எழுதிடலாம்னு அப்ளை பண்ணிட்டேன். நடத்தறது ஏஏசிஎன், 1969-ல ஆரம்பிச்ச அமெரிக்க கிரிட்டிக்கல் கேர் நர்ஸுங்க சங்கம். அதுல மெம்பர் ஆயிட்டு பரீட்சைக்குக் கட்டுங்க, மெம்பர்ஷிப் காசையும் சேர்த்துப் பார்த்தாலும் மெம்பர் ஆகாம கட்டறதை விட கம்மிதான் வரும்.

அப்ளிகேஷன்ல உங்க மணி நேரத்துக்கு சாட்சி சொல்ற மாதிரி ஒரு ஆளோட பேரும் மெயில் ஐடியும் கேட்பாங்க, சூப்பர்வைசரோ கூட வேலை பார்த்த ஆர்என்னோ டாக்டரோ யாரா வேணா இருக்கலாம். எல்லாரையும் கூப்பிட்டு விசாரிக்கறதில்ல, ஆடிட்ல மாட்டினா விசாரிப்பாங்க. அந்த ஆள்கிட்ட முன்கூட்டியே சொல்லி வெச்சு பர்சனல் மெயிலா வாங்கிக்கோங்க, கல்ஃப்ல இன்னைக்கு சார்ஜ் நர்ஸா இருக்கறவங்க அடுத்த மாசம் அயர்லாந்துல இருப்பாங்க, ஆஸ்பத்திரி மெயில் அதோட செத்துடும்.

அப்ரூவல் வந்ததும் 90 நாள் விண்டோ குடுப்பாங்க, அதுக்குள்ள தேதி எடுத்து எழுதிடணும். இங்கதான் ஒரு விஷயம், படிச்சு முடிச்சுட்டு அப்ளை பண்ணலாம்னு இருந்தா ஜென்மத்துக்கும் அப்ளை பண்ண மாட்டோம். நான் பணம் கட்டினதுக்கப்புறம்தான் புத்தகத்தையே ஒழுங்கா திறந்தேன்.

பரீட்சை 150 கேள்வி, 3 மணி நேரம். அதுல 125-க்குத்தான் மார்க்கு, மீதி 25 அவங்க சோதனைக்குப் போட்டுப் பார்க்கறது, எது எதுன்னு நமக்குத் தெரியாது. நெகட்டிவ் மார்க் இல்ல, ஒன்னையும் காலியா விடாதீங்க. 80 சதவீதம் கிளினிக்கல். நான் எழுதினப்ப இருந்த பாடத்திட்டத்துல இதயம் 17, நுரையீரல் 15, எண்டோகிரைன் கிட்னி வயிறு ரத்தம் எல்லாம் சேர்த்து 20, நியூரோ பக்கம் 14, செப்சிஸ் (தொற்று முத்தி உறுப்பெல்லாம் கெடறது), ஷாக் (உடம்புக்கு ரத்த ஓட்டம் பத்தாம போறது) மாதிரி மல்டிசிஸ்டம் 14. பாக்கி 20 சதவீதம் எதிக்ஸ், கேரிங்னு ஒரு பகுதி, அதைப் பத்தி கீழ தனியா சொல்றேன், ஏன்னா என்னோட வயித்தெரிச்சலே அதுலதான்.

கிளினிக்கல்ல நம்மாளுங்களுக்கு இடிக்கறது ஹீமோடைனமிக்ஸ், அதாவது ரத்த ஓட்டம், பிரஷர் கணக்கு. நான் பார்த்த யூனிட்ல ஸ்வான் கான்ஸ் (இதயத்துக்குள்ள விட்டு பிரஷர் அளக்கற குழாய்) போடறதே அபூர்வம், டாக்டர் எக்கோ புரோபை வெச்சுப் பார்த்துட்டுப் போயிடுவார், ஆனா பரீட்சை சிவிபி (இதயத்தோட வலது பக்க பிரஷர்), வெட்ஜ் (இடது பக்க பிரஷர்), எஸ்விஆர் (ரத்தக்குழாயோட இறுக்கம்), கார்டியாக் இண்டெக்ஸ் (உடம்பு அளவுக்கு இதயம் தள்ற ரத்தம்) நாலையும் வரிசையா குடுத்து இது என்ன ஷாக், அடுத்து எது தொடங்குவேன்னு கேட்கும். டேபிளை மனப்பாடம் பண்ணா மறுநாள் காலைல இருக்காது. எனக்கு ஏறினது எங்க மாமா தோட்டத்து மோட்டாரை வெச்சுத்தான். இங்க சித்தூர் தாலுகாவுல ஆழியாறு தண்ணி வர்றதும் போர் வத்தறதும் எல்லார் வீட்டு டீ நேரத்துப் பேச்சுங்கறதால அது சுலபமா ஒட்டிக்கிச்சு. தண்ணி ரத்தம், மோட்டார் இதயம், பைப் ரத்தக்குழாய்னு வெச்சுக்கோங்க. கிணத்துல தண்ணியே இல்லாம மோட்டார் ஓடுது, அது ஹைபோவோலீமிக், சிவிபி கீழ, வெட்ஜ் கீழ, இருக்கற தண்ணியை விடக்கூடாதுன்னு உடம்பு குழாயை இறுக்கிக்கும், எஸ்விஆர் மேல. கிணறு நிறைய தண்ணி நிக்குது, மோட்டார் காயில் போச்சு, அது கார்டியோஜெனிக், வெட்ஜ் மேல, இண்டெக்ஸ் கீழ, எஸ்விஆர் இதுலயும் மேல. மோட்டார் தடதடன்னு ஓடுது ஆனா வழி பூரா பைப் வாய் பொளந்து கிடக்குது, கடைசி தென்னைக்கு பிரஷர் இல்ல, அது செப்சிஸ், எஸ்விஆர் கீழ, ஆரம்பத்துல இண்டெக்ஸ் நார்மலோ மேலயோ இருக்கும். இது புரிஞ்சா மருந்தை யாரும் சொல்லித் தர வேண்டாம், முதலாவதுக்கு ஃப்ளூயிட், ரெண்டாவதுக்கு டோபுட்டமின் மாதிரி இதயத்தைத் தூக்கறது, மூணாவதுக்கு ஃப்ளூயிட் போட்டுட்டு குழாயை இறுக்கற நார்அட்ரினலின்.

அடுத்தது இன்ஃபீரியர் எம்ஐ, இதயத்தோட அடிப்பக்கத்து மாரடைப்பு. ஈசிஜில லீட் 2, 3, ஏவிஎஃப்ல எஸ்டி தூக்கி இருக்கு, பிபி 84, கழுத்து நரம்பு புடைச்சிருக்கு, லங்ஸ் கிளியர், எது குடுக்கக்கூடாதுன்னு கேள்வி. நெஞ்சு வலின்னா கை தன்னால நைட்ரோகிளிசரின் பக்கம் போகும், வருஷக் கணக்குல போன கை. ஆனா இது வலது வென்ட்ரிக்கிள் அடிவாங்கின கேஸ், வலது பக்க ஈசிஜி எடுத்து வி4ஆர்ங்கற லீடைப் பார்க்கணும், நைட்ரேட் குடுத்தா இருக்கற ப்ரீலோடும் (இதயத்துக்குத் திரும்பி வர்ற ரத்தம்) இறங்கி பிபி விழுந்துடும், இவங்களுக்கு ஃப்ளூயிட்தான். இந்த மாதிரிக் கேள்விங்கதான் பரீட்சையோட உயிர்நாடி, பெட்சைட் அனுபவம் பாதி வழி கூட்டிட்டுப் போகும், மீதி ஏன்னு தெரிஞ்சாத்தான் போகலாம்.

ஏஆர்டிஎஸ்ல (நுரையீரல் வீங்கி ஆக்சிஜன் ஏறாம போறது) வென்டிலேட்டர் ஒரு மூச்சுக்குத் தள்ற காத்து, அதாவது டைடல் வால்யூம், கிலோவுக்கு 6 மில்லிங்கறது எல்லாருக்கும் தெரியும், அந்தக் கிலோ பேஷண்ட்டோட எடை இல்ல, உயரத்தை வெச்சுப் போடற எடை. 170 சென்டிமீட்டர் ஆம்பளை 110 கிலோ இருந்தாலும் கணக்குக்கு 66 கிலோதான், 400 மில்லி கிட்ட வெச்சா போதும், பிளாட்டோ பிரஷர் (மூச்சை நிறுத்திப் பார்க்கறப்ப நுரையீரல்ல இருக்கற பிரஷர்) 30 தாண்டக்கூடாது. டயாபடிஸ் இன்சிபிடஸ் (தண்ணியைப் பிடிச்சு வெக்கற ஏடிஹெச் ஹார்மோன் வேலை செய்யாதது), எஸ்ஐஏடிஹெச் (அது அதிகமாச் சுரக்கறது) ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க, ஒன்னுல யூரின் கொட்டி சோடியம் ஏறும், இன்னொன்னுல யூரின் சுருங்கி சோடியம் இறங்கும், தனித்தனியா படிச்சா பரீட்சை ஹால்ல ரெண்டும் இடம் மாறிக்கும். டிகேஏல (சுகர் ஏறி ரத்தம் அமிலமாகறது) பொட்டாசியம் பார்க்காம இன்சுலினைத் தொடாதீங்க. கல்ஃப்ல இருந்து வர்றவங்க லேப் யூனிட்டைக் கொஞ்சம் கவனிச்சுக்கணும், எங்க ஆஸ்பத்திரில சுகர் மில்லிமோல்ல, கிரியாட்டினின் மைக்ரோமோல்ல, அமெரிக்கப் புத்தகம் பூரா மில்லிகிராம். மில்லிகிராமுக்கு மாத்த சுகரை 18-ஆல பெருக்கணும், கிரியாட்டினினை 88-ஆல வகுக்கணும், இந்த ரெண்டு நம்பரை மட்டும் பிடிச்சுக்கிட்டா போதும்.

எப்படிப் படிச்சேன்னா கேள்வியிலதான் படிச்சேன். ஏஏசிஎன்னே விக்கற பிராக்டிஸ் கேள்வி இருக்கு, அதை வாங்கி ராத்திரி பையன் தூங்கினதுக்கப்புறம் கட்டப்பனைக்கார சேச்சி ஒருத்தங்க கூட போன்ல. அவங்க இன்னும் கத்தார்ல, டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்து கூப்பிடறப்ப இங்க மணி பதினொன்னு. அவங்க மலையாளத்துல கேட்பாங்க, நான் தமிழ்ல பதில் சொல்வேன், நடுவுல எல்லாம் இங்கிலீஷ் மருந்துப் பேரு. எங்க ரூல் ஒன்னே ஒன்னு, சரியான விடையைச் சொன்னா பத்தாது, மத்த மூணும் ஏன் தப்புன்னு சொல்லணும். ஒரு நாளைக்குப் பத்து கேள்விக்கு மேல நகராது, ஆனா அந்தப் பத்தும் நகராம உக்காந்துக்கும். இங்க சுத்துவட்டாரத்துல ஓஇடி (இங்கிலீஷ் பரீட்சை), என்கிளெக்ஸ் கோச்சிங் போர்டு தடுக்கி விழுந்தா ஒன்னு இருக்கு, சிசிஆர்என்னுக்கு என் கண்ணுல ஒன்னும் படல, இருந்திருந்தாலும் போயிருப்பேனான்னு தெரியல.

சரி, அந்த 20 சதவீதம். சினர்ஜி மாடல்னு ஒன்னு வெச்சிருக்காங்க, பேஷண்ட்டுக்கு 8 குணம், நர்ஸுக்கு 8 திறமை, பேஷண்ட்டோட தேவையும் நர்ஸோட திறமையும் பொருந்தணும்னு. படிக்கறப்ப இதென்ன பொதுஅறிவுதானேன்னு தோணும், கேள்வியைப் பார்த்தாத்தான் தெரியும் அந்தப் பொதுஅறிவு நம்ம ஊர்ப் பொதுஅறிவு இல்லைன்னு. ஒரு நாள் ஞாயித்துக்கிழமை, எல்லாரும் வீட்ல, திண்ணைல உக்காந்து ஒரு கேள்வியைத் தமிழ்ல படிச்சுக் காட்டினேன். வயசானவர், நல்ல நினைவோட இருக்கார், புத்துநோய்னு ரிப்போர்ட் வந்துடுச்சு, மகன் வந்து நர்ஸைத் தனியா கூப்பிட்டு அப்பாகிட்ட சொல்லாதீங்கங்கறார், நர்ஸ் என்ன செய்யணும்?

மாமா யோசிக்கவே இல்ல. "அதென்ன அம்மிணி கேள்வி, பையன் சொல்றதுதான் சரி. கேட்டா அந்த மனுசன் அன்னைக்கே படுத்துருவான்."

அத்தை, "டாக்டர்கிட்ட விட்டுரோணும், நர்ஸம்மா எதுக்கு நடுவுல போகோணும்?" அப்படின்னாங்க. என் வீட்டுக்காரர் ஃபோன்ல இருந்து தலையைத் தூக்காம "மகன்தானே பில்லு கட்டறான்" அப்படின்னார்.

மூணும் ஆப்ஷன்ல இருந்த மாதிரியேதான் இருந்துச்சு, பில்லு தவிர. பரீட்சை எதிர்பார்க்கற விடை, அந்தப் பெரியவர்கிட்டயே போய் உங்க உடம்பைப் பத்தி நீங்க எவ்வளவு தெரிஞ்சுக்க ஆசைப்படறீங்கன்னு கேட்கறது, மகனோட பயத்தையும் உக்காந்து கேட்கறது. நான் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் வெத்தலையை மென்னுட்டே இருந்தார், அப்புறம் "எனக்கு வந்தா எங்கிட்ட சொல்லிப்போடு, தோட்டக் கணக்கெல்லாம் இருக்குது" அப்படின்னார். அத்தைக்குக் கோபம் வந்து உள்ள போயிட்டாங்க.

இதே மாதிரிதான் சிபிஆர் நடக்கறப்ப குடும்பம் பக்கத்துல இருக்கலாமாங்கறதும். நம்ம ஐசியூல கோட் ப்ளூன்னா, அதாவது இதயம் நின்னுடுச்சுன்னு அவசர அழைப்பு வந்தா, முதல் வேலை ஸ்கிரீனை இழுத்து சொந்தக்காரங்களை வெளிய அனுப்பறது, கதவுக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டுட்டே இருக்கும். ஏஏசிஎன் நிலைப்பாடு, விருப்பப்பட்டா இருக்கட்டும், அவங்க பக்கத்துல நின்னு என்ன நடக்குதுன்னு சொல்றதுக்குன்னே ஒரு ஸ்டாஃபை நிறுத்துங்க. எனக்கு இதுல முழுசா சம்மதம்னு சொல்ல மாட்டேன், பன்னெண்டு பெட்டுக்கு நாலு பேர் இருக்கற யூனிட்ல அந்த ஒரு ஸ்டாஃபுக்கு எங்க போறது, ஆனா பரீட்சைல ஆள் பஞ்சம் கிடையாது, நேரம் பஞ்சம் கிடையாது, எல்லாம் இருக்கற ஆஸ்பத்திரில நீ என்ன பண்ணுவேங்கறதுதான் கேள்வி. "டாக்டரைக் கூப்பிடுவேன்"ங்கற ஆப்ஷன் எப்பவும் இருக்கும், நமக்கு எப்பவும் பிடிக்கும், அதைத் தொடறதுக்கு முன்னாடி நர்ஸா நாமளே செய்யக்கூடியது வேற ஆப்ஷன்ல இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

பரீட்சை நாள் பத்தி பெருசா இல்ல. பிஎஸ்ஐங்கற பரீட்சை நடத்தற கம்பெனியோட சென்டர்ல கம்ப்யூட்டர்ல எழுதறது, பாலக்காடு ஜங்ஷன்ல இருந்து முந்தின ராத்திரியே வண்டி ஏறிட்டேன். நம்ம தமிழ்ப் பேருக்கு ஒரு எச்சரிக்கை, ஐடில இருக்கற பேரும் ஏஏசிஎன் அக்கவுண்ட்ல இருக்கற பேரும் எழுத்து மாறாம ஒன்னா இருக்கணும். பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா, லைசென்ஸ்ல இனிஷியல்னு இருந்தா அப்ளை பண்றப்பவே எழுதிக் கேட்டு சரி பண்ணிக்கோங்க, வாசல்ல நின்னு கெஞ்சினா நடக்காது. கேள்வியை மார்க் பண்ணி வெச்சுட்டு திரும்ப வரலாம். நான் நீளமான கணக்கையெல்லாம் மார்க் பண்ணி விட்டுட்டுப் போனேன், கடைசில நேரம் மிச்சம் இருந்துச்சு. முடிச்ச உடனே அங்கயே ரிசல்ட் தந்துடுவாங்க, நான் பாஸ் ஆயிட்டேன். சேச்சிக்கு போன் பண்ணா டூட்டில இருந்தாங்க, எடுக்கல, பேப்பரைப் படம் பிடிச்சு அனுப்பிட்டு பிரியாணி சாப்பிடப் போயிட்டேன்.

இது 3 வருஷத்துக்குத்தான் செல்லும். திரும்பப் புதுப்பிக்க பரீட்சை இல்லாத வழியும் இருக்கு, 100 கல்விப் புள்ளி சேர்க்கணும், கூடவே 3 வருஷத்துல 432 மணி நேரம் ஐசியூ, அதுல 144 கடைசி வருஷத்துல, லைசென்ஸும் நடப்புல இருக்கணும். அதனால இப்ப வேலை தேடறப்ப சம்பளத்துக்கு முன்னாடி ஜேசிஐ இருக்கான்னுதான் பார்க்கறேன். பக்கத்துல வேலந்தாவளம் தாண்டினா கோயம்புத்தூர், தினம் பஸ்ல போய்ட்டு வரலாம், அந்தப் பக்கம் எர்ணாகுளம், ஹாஸ்டல்ல தங்கணும். வீட்ல எல்லாரும் கோயம்புத்தூர்ங்கறாங்க. ரெண்டு பக்கமும் பயோடேட்டா அனுப்பிருக்கேன்.